எட்டுக்கால் உண்ணாவிரதம்

டரான்டுலா வளர்ப்பவருக்கு வேலை என்று பெரிதாக எதுவும் கிடையாது. வாரத்துக்கு ஒன்றிரண்டு சுவர்க்கோழி, ஆழமில்லாத கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர், அவ்வப்போது பெட்டிக்குள் கிடக்கும் எச்சத்தை இடுக்கியால் எடுத்துப் போடுவது. நடக்கக் கூட்டிப்போக வேண்டாம். குளிப்பாட்ட வேண்டாம். கொஞ்சினால் அதற்குப் பிடிக்கவும் செய்யாது. இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒருநாள், போட்ட சுவர்க்கோழி பாட்டுக்குப் பெட்டிக்குள் உலாத்திக்கொண்டிருக்கும். சிலந்தி திரும்பிக்கூடப் பார்க்காது. அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது வாரத்தில் வளர்ப்பவருக்குத் தூக்கம் போய்விடும். நோயா, வயதாகிவிட்டதா, நாம் ஏதாவது தப்பு செய்துவிட்டோமா என்று கேள்விமேல் கேள்வி. பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது. சிலந்தி சட்டை உரிக்கத் தயாராகிறது.

டரான்டுலா குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெட்டிக்குள் வளர்ப்பவர்களிடம் மிகவும் பெயர் பெற்றது மெக்சிகோவின் செம்முழங்கால் சிலந்தி. கருத்த உடல், கால் மூட்டுகளில் செம்மஞ்சள் திட்டு, விரித்துவைத்த உள்ளங்கையளவு உருவம். மெக்சிகோவின் பசிபிக் கரையோர மாநிலங்களான ஹலிஸ்கோ, கொலிமா, மிச்சோவகான் பகுதிகளின் வறண்ட காடுகளில் மண்ணில் வளை தோண்டி வாழ்கிறது. அழகும் சாதுவான குணமுமே அதற்கு வினையாயின. காட்டிலிருந்து பிடித்துப் பிடித்து ஏற்றுமதி செய்ததில் நிலைமை மோசமாகி, 1985இல் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பெயரிலும் நீண்டநாள் குழப்பம் இருந்தது. பிராக்கிபெல்மா ஸ்மித்தி என்று சொல்லி வளர்க்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை உண்மையில் பிராக்கிபெல்மா ஹமோரி என்ற இனம் என்று 2017இல் வந்த ஆய்வொன்று பிரித்துக் காட்டியது. சிலந்திக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

நமக்கு எலும்பு உள்ளே இருக்கிறது, தசை அதன்மேல் படர்ந்திருக்கிறது. சிலந்திக்கு எலும்பின் வேலையைச் செய்வது தோல்தான். கைட்டினும் புரதமும் கலந்த அந்த வெளிக்கூட்டின் உட்புறத்தில்தான் தசைகள் ஒட்டியிருக்கின்றன. ஒருமுறை இறுகிய கூடு பிறகு நீளாது, அகலாது. வயிறு மட்டும் விதிவிலக்கு. அதன் தோல் மெல்லியது, தின்னத் தின்ன உப்பும். தலையும் மார்பும் ஒன்றான முன்பகுதியும் கால்களும் இறுகியவை; சட்டை உரித்த பிறகு புதுக்கூடு மென்மையாக இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் பெரிதானால்தான் உண்டு. எனவே வயிற்றின் பருமனை வைத்துச் சிலந்தி எவ்வளவு தின்றிருக்கிறது என்று சொல்லலாம். எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க முன்பகுதியின் மேலோட்டைத்தான் அளக்க வேண்டும்.

பட்டினி கிடக்கும் வாரங்களில் வெளியே ஒன்றும் நடப்பதில்லை. சிலந்தி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது, நிறம் மங்கிக்கொண்டே போகிறது. ஆனால் சட்டை உரித்தல் என்னும் வேலையின் பெரும்பகுதி நடப்பது இந்த வாரங்களில்தான். கடைசி நாளில் நாம் கண்கொட்டாமல் பார்க்கிறோமே, அது முடிந்துபோன வேலையின் அறிவிப்பு.

உடலில் எக்டைசோன் வகை ஹார்மோன் ஏறத் தொடங்கியதும், கூட்டுக்கு அடியில் இருக்கும் உயிருள்ள செல் அடுக்கு அந்தக் கூட்டை விட்டு விலகிக்கொள்கிறது. இடைவெளியில் ஒரு திரவம் சுரக்கிறது. அதிலுள்ள நொதிகள் பழைய கூட்டின் உள்ளடுக்குகளைக் கரைக்கின்றன. கரைந்த பொருளைச் சிலந்தி உறிஞ்சி, புதுக்கூடு கட்டவே திரும்பச் செலவழிக்கிறது. புதுத்தோல் பழைய கூட்டைவிடப் பெரியது. அதனால் அதற்குள் சுருக்கம் சுருக்கமாக மடிந்தபடியே வளர்கிறது. புதிய ரோமங்களும் அந்த இடுக்கில்தான் முளைத்துப் படிந்து கிடக்கின்றன. நாள் நெருங்கும்போது பழைய கூட்டின் பல இடங்களில் எஞ்சியிருப்பது மெல்லிய மேலடுக்கு மட்டுமே. இப்படி இரண்டு தோலுக்கு நடுவில் இருக்கும்போது வேட்டையாடத் துணியாததில் வியப்பில்லை.

இதில் வெளியே தெரியும் அடையாளம் ஒன்று உண்டு. அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பெரும்பாலான டரான்டுலாக்களுக்கு வயிற்றின்மேல் அரிப்பை உண்டாக்கும் நுண்ரோமங்கள் இருக்கின்றன. யாராவது தொந்தரவு செய்தால் பின்னங்காலால் தேய்த்து அவற்றைக் காற்றில் பறக்கவிடும். தோலில் பட்டால் நமைச்சல், கண்ணில் பட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டும். அடிக்கடி தேய்க்கும் சிலந்திக்கு வயிற்றில் வழுக்கை விழுந்துவிடும். அந்த வழுக்கை சாதாரணமாக வெளிர் நிறமாக இருக்கும். சட்டை உரிக்கும் காலம் நெருங்கினால் கறுக்கும். அடியில் முளைத்துவிட்ட புது ரோமங்கள் பழைய தோலின் ஊடாகத் தெரிவதுதான் அந்தக் கறுப்பு. அனுபவப்பட்ட வளர்ப்பாளர்கள் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை, வழுக்கையைத்தான் பார்க்கிறார்கள். வழுக்கை விழாத சிலந்தி என்றால் மங்கிய நிறம், உப்பிப் பளபளக்கும் வயிறு, வளையின் வாசலை நூலாலும் மண்ணாலும் அடைத்துக்கொள்வது ஆகியவற்றை வைத்து ஊகிக்க வேண்டியதுதான்.

இந்தக் கணக்கு எதுவும் செல்லாத ஒரு சிலந்தியும் உண்டு. சிலி நாட்டு ரோஜா டரான்டுலா சட்டை உரிக்கும் எண்ணமே இல்லாமல் மாதக்கணக்கில், சில சமயம் ஓர் ஆண்டுக்கும் மேலாகக்கூடப் பட்டினி கிடக்கும். பிறகு ஒருநாள் ஒன்றுமே நடக்காததுபோலச் சாப்பிடத் தொடங்கும். பொறுமை இல்லாதவர்கள் அதை வாங்கக் கூடாது.

சட்டை உரிக்கும் நாளைப் புரிந்துகொள்ள, சிலந்தியின் கால் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். காலை மடக்கும் தசை அதற்கு எல்லா மூட்டுகளிலும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு காலிலும் முக்கியமான இரண்டு மூட்டுகளில் நீட்டும் தசை கிடையாது. மண் அள்ளும் ஜேசிபியின் கை எண்ணெய் அழுத்தத்தால் நீளுகிறது அல்லவா, அப்படித்தான் சிலந்தியும் முன்பகுதியைச் சுருக்கி, உடல் திரவத்தைக் கால்களுக்குள் செலுத்தி அவற்றை நீட்டுகிறது. 1959இல் பாரி, பிரௌன் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வீட்டுச் சிலந்தியின் காலில் இந்த அழுத்தத்தை அளந்தார்கள். சும்மா இருக்கும்போது சுமார் 50 மில்லிமீட்டர் பாதரசம். திடீரென்று அசையும்போது ஒரு கணம் 400 வரை ஏறியது. நம் ரத்த அழுத்தம் 120ஐத் தாண்டினாலே மருத்துவர் முகத்தைச் சுளிக்கிறார்.

வளர்ப்பவர்களை அலறவைக்கும் ஒரு காட்சியின் விளக்கமும் இதிலேயே இருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் சிலந்தி மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டது என்று நினைத்து எடுத்துப் புதைத்தவர்கள்கூட உண்டு. உண்மையில் டரான்டுலா மல்லாந்து சாவது அரிது. சாகும்போது அழுத்தம் இறங்கிவிடுகிறது, மடக்கும் தசை மட்டும் மிஞ்சுகிறது. அதனால் எட்டுக் கால்களும் உடலுக்கு அடியில் சுருண்டுகொள்ளும். சிலந்தி நிமிர்ந்தபடி கால்களை உள்ளே சுருட்டியிருந்தால் கவலைப்படுங்கள். கால்களைப் பக்கவாட்டில் விரித்து மல்லாந்திருந்தால் விளக்கை அணைத்துவிட்டு வெளியே போங்கள்.

மல்லாந்து படுக்கும் முன் அது தரையில் நூலால் அடர்த்தியான ஒரு விரிப்பு நெய்யும். தென் அமெரிக்காவின் கோலியாத் சிலந்தி இந்த விரிப்பில் தன் அரிப்பு ரோமங்களையும் சேர்த்துப் பதித்துவைக்கிறது. அசையவே முடியாத நேரத்தில் யாரும் கிட்ட வராதிருக்க அது செய்துகொள்ளும் ஏற்பாடு. உரித்தெடுத்த கால்கள் சில மணி நேரத்துக்கு உடலின் எடையைத் தாங்காது. மல்லாந்து கிடந்தால் எடை முழுவதையும் விரிப்பு தாங்கிக்கொள்ளும்.

அதன்பின் நீண்ட நேரம் அசைவில்லை. உள்ளே இதயம் வேகமெடுக்கிறது. வயிறு சுருங்கச் சுருங்க அங்கிருந்த திரவம் முன்பகுதிக்குப் போகிறது. ஏற்கெனவே கரைந்து மெலிந்திருக்கும் கூடு எவ்வளவுதான் தாங்கும்? மேலோட்டின் விளிம்பில், கால்களுக்குச் சற்று மேலே, முன்னிருந்து பின்னாக விரிசல் ஓடுகிறது. மேலோடு தனியாகக் கழன்றுகொள்கிறது. விரிசல் வயிற்றின் பக்கவாட்டுக்கும் நீளுகிறது. வயிற்றின் பழைய தோல் சுருங்கிப் பின்னால் ஒதுங்குகிறது.

கடினமான பகுதி இதன் பிறகுதான். எட்டுக் கால்கள், முன்னால் கால் மாதிரியே இருக்கும் இரண்டு உணர்கைகள், விஷப்பற்கள் இரண்டும் பொருந்திய தாடைகள் எல்லாவற்றையும் அவற்றின் பழைய உறைகளிலிருந்து ஒரே நேரத்தில் உருவி எடுக்க வேண்டும். ஒவ்வொரு காலிலும் ஏழு கணுக்கள். உடல் ஒரு தாளத்தில் துடிக்கும், கொஞ்சம் ஓயும், மறுபடி துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் கால்கள் சில மில்லிமீட்டர் வெளியே வரும். குஞ்சுகளுக்கு இது சில நிமிட வேலை. வளர்ந்த பெண்ணுக்குப் பல மணி நேரம் ஆகும். முழுவதையும் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. பெரும்பாலோர் காலையில் எழுந்து, பெட்டியில் இரண்டு சிலந்திகள் இருப்பதைக் கண்டு திகைப்பதுதான் வழக்கம்.

இரண்டாவது சிலந்தி என்பது காலிக்கூடு. ஒருமுறையாவது அதை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். மேலோட்டின் உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்தால் எட்டுக் கண்களுக்கும் உரிய வில்லைகள் கண்ணாடித் துளிகளாக இருக்கும். கண்ணின் மேற்பரப்பையும் சேர்த்தே கழற்றியிருக்கிறது. வாய்வழியாக உள்ளே போனால் உணவை உறிஞ்சும் இரைப்பையின் உள்தோல் முழுசாக வந்திருக்கும். வயிற்றுப் பகுதியில் நான்கு வெள்ளைத் திட்டுகள் தெரியும். அவை புத்தக நுரையீரல்களின் உள்ளுறைகள், ஏடு ஏடாக. மூச்சு உறுப்பின் உள்தோலைக் கழற்றிக்கொண்டே மூச்சு விட்டிருக்கிறது என்பதை நினைத்தால், பாம்பு சட்டை உரிப்பது சாதாரண விஷயமாகத் தோன்றுகிறது.

வளர்ப்பவர்கள் இந்தக் காலிக்கூட்டுக்காகக் காத்திருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இளம் டரான்டுலா ஆணா பெண்ணா என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்வது கடினம். கூடு சொல்லிவிடும். காய்ந்து சுருண்ட வயிற்றுத் தோலை, பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு சொட்டுக் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டு, ஊசி முனையால் மெல்லப் பிரித்து விரிப்பார்கள். முன்னிரு நுரையீரல் திட்டுகளுக்கு நடுவே, உட்புறமாக, ஒரு சிறிய மடிப்பு நின்றால் பெண். அது விந்தைச் சேமித்துவைக்கும் பையின் உறை. மடிப்பு இல்லையென்றால் ஆண். கையுறை போட்டுக்கொண்டு செய்வது நல்லது, அரிப்பு ரோமங்கள் காலிக்கூட்டிலும் இருக்கும்.

இதனால் இனப்பெருக்கம் செய்பவர்களுக்கு ஒரு தொல்லையும் உண்டு. இணைசேர்ந்த பெண், முட்டையிடும் முன்பே சட்டை உரித்துவிட்டால், சேமித்த விந்தும் பழைய பையோடு போய்விடும். மறுபடி ஓர் ஆணைத் தேட வேண்டியதுதான்.

மல்லாந்த நாளில் மனிதர் செய்யக்கூடிய உதவி ஏறக்குறைய எதுவுமில்லை. உதவ நினைத்துச் செய்வதுதான் பெரும்பாலும் கெடுக்கிறது. புரட்டி நிமிர்த்துவது, தொட்டுப் பார்ப்பது, பெட்டியை இடம் மாற்றுவது எல்லாமே ஆபத்து. ஈரம் வேண்டும் என்று தண்ணீரைத் தெளித்துத் தள்ளுபவர்களும் உண்டு; வறண்ட காட்டிலிருந்து வந்த செம்முழங்காலுக்குச் சொதசொதத்த மண் ஒத்துக்கொள்ளாது. அதற்கு வேண்டியது மாதக்கணக்கில் வற்றாத தண்ணீர்க் கிண்ணம். உடலில் நீர் குறைந்த சிலந்திக்கு அழுத்தம் போதாமல் கால் பாதியில் சிக்கிக்கொள்ளும். பெட்டியில் நிரப்பப்படுவது பல நாடுகளில் தேங்காய் நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறும் அதே நார்த்தூள்தான். அது ஈரத்தை அளவாகப் பிடித்துவைக்கும்.

கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சாப்பிடாமல் விட்ட சுவர்க்கோழியை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். பசித்த சுவர்க்கோழி எதையும் கடிக்கும். மல்லாந்து கிடக்கும் மென்தோல் சிலந்தி அதற்கு நல்ல தீனி. இரையாகப் போனது வேட்டைக்காரியைத் தின்றுவிட்ட கதைகள் வளர்ப்பாளர்களிடையே ஏராளம்.

உரித்து முடித்த சிலந்தி வெளிறிப்போய், வெகுநேரம் அப்படியே கிடக்கும். கால்களை மெல்ல மடக்கி நீட்டும். கூடு இறுகுவதற்குள் மூட்டுகள் அசைந்து பழக வேண்டும். இந்த மணி நேரங்களில்தான் மடிப்புகள் விரிந்து உடல் உண்மையிலேயே பெரிதாகிறது. பிறகு நிறம் ஏறும். கறுப்பு கன்னங்கரேலென்றும் செம்மஞ்சள் தீப்போலவும் இருக்கும் அந்த முதல் வாரத்தில்தான் படம் எடுக்க வேண்டும். ஒடிந்துபோயிருந்த கால் இருந்தால் அதுவும் மறுபடி முளைத்திருக்கும், முதல் முறை கொஞ்சம் ஒல்லியாக. அடுத்தடுத்த உரிப்புகளில் மற்றவற்றுக்கு ஈடாகிவிடும். வழுக்கையும் மறைந்திருக்கும்.

விஷப்பற்கள் முதலில் பால் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். கறுக்காத பல் இரையின் கூட்டைத் துளைக்காது, வளைந்துவிடும். குஞ்சு என்றால் சில நாள், பெரியது என்றால் ஒன்று முதல் இரண்டு வாரம் பொறுத்து உணவு கொடுக்கலாம்.

குஞ்சுகளை வாங்குபவர்களுக்குக் காத்திருப்பு அவ்வளவு நீளமில்லை. அவை சில வாரங்களுக்கு ஒருமுறை உரிக்கும். சிறிய சிமிழுக்குள் அடங்கிவிடும் அளவில் இருப்பதால் கடத்துபவர்களுக்கும் வசதி. 2021 ஜூலையில் போலந்திலிருந்து தமிழ்நாட்டு முகவரி ஒன்றுக்கு வந்த பொட்டலத்தைச் சென்னைச் சுங்கத்துறையினர் பிரித்துப் பார்த்தபோது, 107 பிளாஸ்டிக் சிமிழ்களில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. செம்முழங்கால் சேர்ந்த பிராக்கிபெல்மா பேரினமும் அவற்றில் உண்டு. உரிய அனுமதி இல்லாததால் வந்த வழியே திருப்பி அனுப்ப உத்தரவானது. சைட்டிஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதிகள் இந்தியாவில் 2024இல் வந்திருக்கின்றன. ராமேஸ்வரம் பகுதியில் வாழும், 2004இல் விவரிக்கப்பட்ட மரவாழ் டரான்டுலா உட்பட, இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் பொசிலோதேரியா பேரினம் முழுவதும் 2019இல் அந்தப் பட்டியலில் ஏறியது. அவற்றை மரப்பொந்திலேயே விட்டுவிடுவதுதான் மரியாதை.

வளர வளர இடைவெளி நீளும். வளர்ந்த செம்முழங்கால் பெண் ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறைதான் உரிக்கிறது, அதையும் ஆயுள் முழுக்கச் செய்கிறது. 25 ஆண்டுகளுக்கு மேல் வாழும் பெண்கள் உண்டு. இதன் தூரத்து உறவான ஆஸ்திரேலிய வளைச்சிலந்தி ஒன்று இன்னும் மேலே போனது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் 1974இல் தொடங்கிய ஆய்வில் 16 என்ற எண் கொடுக்கப்பட்ட பெண், 43 வயதில் 2016இல் மாண்டது. முதுமையால் அல்ல, ஒட்டுண்ணிக் குளவியால்.

ஆணின் கதை வேறு. சில ஆண்டுகள் பெண்ணைப் போலவே உரித்து வளரும். பிறகு ஒரு முறை உரித்து வெளியே வரும்போது உணர்கைகளின் நுனி குமிழாகத் திரண்டிருக்கும். செம்முழங்கால் போன்ற இனங்களில் முன்னங்கால்களில் கொக்கியும் முளைத்திருக்கும். விந்தைக் கடத்துவதற்குக் குமிழ், இணைசேரும்போது பெண்ணின் விஷப்பற்களைத் தடுத்துப் பிடிப்பதற்குக் கொக்கி. அநேகமாக அதுதான் கடைசிச் சட்டை. தப்பித் தவறி இன்னொரு முறை உரிக்க முயலும் ஆண், குமிழ்களைப் பழைய உறையிலிருந்து உருவ முடியாமல் சிக்கிக்கொள்வதுண்டு. கடைசிச் சட்டைக்குப் பின் ஆண் வளையில் தங்காது. சரியாகச் சாப்பிடாது. பெண்ணைத் தேடி அலையும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லா ஹுன்டா என்ற ஊரைச் சுற்றிய புல்வெளிகளில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை மாலை வேளைகளில் டரான்டுலாக்கள் சாலையைக் கடந்து போகும். அதைப் பார்க்க வெளியூர்களிலிருந்து ஆட்கள் காரில் வருகிறார்கள். அந்தச் சிலந்திகளில் பெரும்பாலானவை இப்படிக் கடைசிச் சட்டையை உரித்துவிட்டுப் பெண் தேடிக் கிளம்பிய ஆண்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டுபோய் வளர்க்கலாமே என்று யாருக்காவது தோன்றினால், அது பெட்டிக்குள் இன்னொரு முறை மல்லாந்து படுக்காது, பெரும்பாலும் சில மாதங்களுக்கு மேல் உயிரோடும் இருக்காது. சாலையின் மறுபக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டால் ஒருவேளை அன்றிரவே ஒரு வளையைக் கண்டுபிடித்துவிடும்.